பத்தடி உயரத்து வளையம்

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால், "பரீட்சை நெருங்கும் வேளையில் இதுவும் ஒரு பேச்சா?" என்று பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி விடுகிறேன். நான் தேகப்பயிற்சி ஆசிரியை அல்லேன், சரித்திரம் கற்பிப்பவள். இருபது ஆண்டுகளாகக் கொழும்பிலே தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். பரீட்சையின் அருமையை நான் அறியாதவளும் அல்லேன். அப்படியிருந்தும், நம் பெண் பிள்ளைகளின் கையில் ஒரு பந்து இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுட் சில சரித்திரத்திலிருந்து கிடைத்தவை; சில என் கண்ணெதிரே நிகழ்ந்தவை.

சரித்திரத்திலிருந்தே தொடங்குவோம். 1891ஆம் ஆண்டு மார்கழி மாதம். அமெரிக்காவிலே, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி. வெளியே கடுங்குளிர், உள்ளே அடைபட்டுக் கிடந்த இளைஞர்களோ தேகப்பயிற்சியில் சலிப்புற்றுக் குழப்பம் விளைத்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென ஒரு புது விளையாட்டை வகுக்கும் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மண்டபத்தின் மேல்மாடக் கிராதியிலே பீச்சுப் பழம் இடும் கூடைகள் இரண்டை இரு புறமும் அறைந்தார்; பதின்மூன்று விதிகளை எழுதினார்; பதினெட்டு மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு காற்பந்தைக் கொடுத்து ஆட விட்டார். கூடைப்பந்தாட்டம் பிறந்த கதை இதுதான். அந்த மேல்மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. ஆகவே கூடையும் பத்தடி உயரத்தில் அமைந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் அதே பத்தடிதான்.

மறு ஆண்டே அதே மாநிலத்திலுள்ள ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இவ்விளையாட்டைத் தம் மாணவியருக்கு ஏற்றவாறு திருத்தினார். மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒருவர் பகுதிக்குள் மற்றவர் புகக் கூடாதென்றும், பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாதென்றும் விதித்தார். 1893இல் நடந்த முதற் பந்தயத்தைக் காண ஆடவருக்கு அனுமதி இல்லை. பின்னர் இவ்விளையாட்டு இங்கிலாந்துக்குப் போயிற்று. சுவீடன் நாட்டு மாதரசி மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் அங்கே நடத்திய பெண்கள் தேகப்பயிற்சிக் கல்லூரியில் அது மேலும் உருமாறிற்று. கூடை போய் வளையமும் வலையும் வந்தன. மண்டபத்தை விட்டு வெளியே புல்தரைக்கு வந்தது. 1901இல் விதிகள் அச்சேறின. இதுவே நாம் வலைப்பந்தாட்டம் என்று அழைப்பது. கூடைப்பந்தும் வலைப்பந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்; ஒன்று வீட்டோடு இருந்தது, மற்றது கடல் கடந்து போய் நடையுடை மாறியது.

இந்த உறவின் முக்கியமான கட்டம் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது என்பதைப் பலர் அறியார். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நெடுங்காலம் வலைப்பந்தாட்டத்துக்கு "மாதர் கூடைப்பந்து" என்பதே பெயர். நாட்டுக்கு நாடு விதிகளும் வேறுபட்டன. ஓரிடத்தில் ஏழு பேர், ஓரிடத்தில் ஒன்பது பேர். இந்த வேறுபாடுகளைப் போக்கிப் பொது விதி வகுக்கும் பொருட்டு, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியா ஆகிய நாடுகளின் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டு ஒன்று கூடியது இலங்கையிலேதான். மாதர் கூடைப்பந்து, வலைப்பந்து ஆகிய இரு பெயரையும் தாங்கிய சர்வதேசச் சம்மேளனம் அக்கூட்டத்திலே உருவாயிற்று. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் பங்குபற்றிய பதினொரு அணிகளில் நமது நாட்டின் அணியும் ஒன்று. சரித்திரப் புத்தகத்திலே இடம் பெறாத இச்செய்தியை வகுப்பிலே சொல்லும்போது, தூங்கி வழியும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன்.

விளையாடியறியாத தாய்மாருக்காக இரண்டின் முறையையும் சுருங்கச் சொல்கிறேன். கூடைப்பந்தில் ஓரணிக்கு ஐவர். பந்தைத் தரையில் தட்டிக் கொண்டே ஓடலாம். எவரும் எங்கிருந்தும் எறியலாம். வளையத்தின் பின்னே ஒரு பலகை இருக்கும். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். வலைப்பந்திலோ எழுவர். பந்தோடு ஓட இயலாது. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். ஒவ்வொருத்திக்கும் மைதானத்தில் எல்லை உண்டு. வளையத்தை நோக்கி எறியும் உரிமை இருவருக்கு மட்டுமே. தாங்கிக் கொடுக்கப் பின்னே பலகையும் இல்லை. கூடைப்பந்திலே ஒருத்தி தன் திறத்தால் பந்தைத் தானே கொண்டு போய் இட்டு விடலாம். வலைப்பந்திலே அது முடியாது. இன்னொருத்தி வந்து வாங்கினாலன்றிப் பந்து ஓரடியும் நகராது.

இனி, இளம் பெண்கள் நாட்டின் பெயரைத் தாங்கி ஆடப் போகும் விடயத்துக்கு வருவோம். ஆசியாவிலே கூடைப்பந்துக்குப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் தனித்தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. வலிய அணிகள் முதற் பிரிவிலும் ஏனையவை இரண்டாம் பிரிவிலும் ஆடும். இரண்டாம் பிரிவில் வென்ற அணி மேலே ஏறும். 2017ஆம் ஆண்டு பெங்களூரில் பதினாறு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களும், மறு ஆண்டு அதே நகரில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களும் இரண்டாம் பிரிவிலே முதலிடம் பெற்று மேற்பிரிவுக்கு உயர்ந்தார்கள். பதினைந்து, பதினாறு வயதென்றால் நம் வீடுகளில், "பிள்ளை பெரிசாகி விட்டாள், இனிக் காற்சட்டை எதற்கு?" என்று கேட்கும் வயது. அந்த வயதிலே அந்தப் பிள்ளைகள் வேற்று நாட்டாரை எதிர்த்து நின்றார்கள்.

சென்னைப் பெண்ணான அனிதா பால்துரையின் வாழ்வும் இங்கு நினைக்கத் தக்கது. அவர் பத்தொன்பதாம் வயதிலே இந்திய மாதர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கினார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். குழந்தை பிறந்த பின்னர் மீண்டும் மைதானத்துக்கு வந்து, 2017இல் ஆசியக் கிண்ணப் போட்டியின் இரண்டாம் பிரிவை வென்ற அணியில் இடம் பெற்றார். 2021ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. தாயான பின் பெண்ணுக்கு விளையாட்டு ஏது என்போருக்கு இதைவிட நல்ல விடை நான் அறியேன்.

கடல் கடந்து போவானேன்? நம் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை எடுத்துக் கொள்வோம். ஆறடி பத்தங்குல உயரம். பெண்ணுக்கு உயரம் கூடினால் மாப்பிள்ளை கிடைப்பது அரிது என்று கவலைப்படுவது நம் ஊர் வழக்கம். ஊரார் குறையென்று எண்ணக் கூடிய அந்த உயரமே நாட்டுக்கு வரமாயிற்று. போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டு, மலேசியாவின் மலாக்கா நகரில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது, வளையத்தின் கீழ் நின்றவர் இந்தத் தமிழ்ப் பெண். அவருக்குப் பந்தை உயர எறிந்து கொடுத்தவர்கள் சிங்களச் சகோதரிகள். நாட்டிலே மனிதர் ஒருவரையொருவர் நம்ப அஞ்சிய காலம் அது. மைதானத்திலோ நம்பாமல் ஆட வழியில்லை. மூன்று விநாடிக்குள் பந்தை யாரிடமாவது கொடுத்தாக வேண்டுமே!

பின்னர் 2018இல் சிங்கப்பூரிலே, இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணியை 69க்கு 50 என்ற கணக்கில் வென்று இலங்கை மீண்டும் கிண்ணத்தைப் பெற்றது. 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் யாவரினும் மிகுதியான கோல்களை இட்டவர் தர்ஜினியே. 2022இலும் ஆசியக் கிண்ணம் நம்முடையதாயிற்று. 2023இல் கேப் டவுன் நகரிலே உலகக் கிண்ணத்துக்காக அவர் ஆடியபோது வயது நாற்பத்து நான்கு. நானும் அந்த வயதினள்தான். இரண்டு மாடிப் படி ஏறி வகுப்புக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும் நான், அச்செய்தியைப் படித்துவிட்டு நெடுநேரம் பத்திரிகையை மடிக்காமல் வைத்திருந்தேன்.

ஆனால் உண்மையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். உலகிலேயே அதிக கோல் இட்டவரைக் கொண்டிருந்த 2019ஆம் ஆண்டு இலங்கை அணி, பதினாறு நாடுகளுள் பதினைந்தாம் இடத்தையே பெற்றது. ஆசியாவிலே முதலிடம், உலகிலே கடைசிக்கு முந்திய இடம். இது ஏன் என்று சிந்திக்க வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எட்டு வயதிலே பந்தைத் தொடும் சிறுமி, பள்ளியை விட்ட பிறகும் ஊர்க் கழகத்திலே ஆடிக் கொண்டிருக்கிறாள். ஆயிரம் பேர் ஆடினால் பத்துப் பேர் மிகச் சிறப்பாக ஆடுவார்கள். நம் நாட்டிலோ பாடசாலை வாயிலைத் தாண்டியதும் பந்து கையை விட்டுப் போய் விடுகிறது. வங்கிகளின் அணிகளிலும் படைகளின் அணிகளிலும் இடம் பெறும் சிலரே தொடர்ந்து ஆடுகிறார்கள். கொழும்பிலுள்ள நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ, பாடசாலை வாயில் வரைகூடப் பந்து வருவதில்லை. பத்தாம் வகுப்போடு அது நின்று விடுகிறது.

வெள்ளவத்தையில் வசிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி வீதியோரமாக நின்று பார்த்தால் இது விளங்கும். கடலோரத் தெருக்களிலிருந்தும் மாடிக் குடியிருப்புக்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் புத்தகப் பைகளைச் சுமந்து வருவார்கள். ஒரு கல்வி நிலையத்தில் கணிதம், அங்கிருந்து இன்னொன்றில் விஞ்ஞானம், மாலையில் மற்றொன்றில் ஆங்கிலம். கொட்டாஞ்சேனையிலும் அதே காட்சிதான். சுகததாச விளையாட்டரங்கு கொட்டாஞ்சேனைக்கு அருகேதான் இருக்கிறது. அதன் சுற்றுமதிலைத் தினமும் பஸ்சிலிருந்து பார்த்தபடி போகும் நம் பிள்ளைகளுள், உள்ளே ஒரு தடவையேனும் ஆடியவர் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வகுப்பிலே வாய் திறவாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேசையைப் பார்ப்பாள். எங்கள் பாடசாலையின் விளையாட்டிடம் இரு கட்டடங்களுக்கு நடுவேயுள்ள ஒரு சீமெந்துத் தரை. ஒருநாள் மாடி யன்னல் வழியே கீழே பார்த்தபோது, "இங்கே! இங்கே! எனக்கு!" என்று கட்டடம் அதிரக் கூவும் குரல் கேட்டது. அது அவளுடைய குரல்! வகுப்பிலே கேட்டறியாத குரல், பந்தைக் கேட்கும்போது பிறந்திருந்தது.

அவளுடைய அணி கோட்ட மட்டத்தில் வென்றது. வலய மட்டத்திலும் வென்றது. மாகாணப் போட்டிக்குத் தெரிவாயிற்று. பயிற்சி ஆசிரியை, வயதெல்லைக்குட்பட்ட தேசிய அணித் தெரிவுக்கும் அவளை அனுப்பலாம் என்றார். அந்த வாரமே அவள் விளையாட்டை நிறுத்தி விட்டாள். கேட்டால், "வீட்டிலே வேண்டாமென்று சொல்லி விட்டார்கள், ரீச்சர்" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நான் அவள் வீட்டுக்குப் போனேன்.

தந்தையார் செட்டியார் தெருவிலே நகைக் கடையொன்றில் வேலை செய்பவர். மிகவும் மரியாதையான மனிதர். கதிரையைத் துடைத்துப் போட்டு, தேநீர் வரவழைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். உள்ளறை வாயிலிலே அவருடைய தாயார் இருந்தார்.

"பிள்ளை வெயிலிலே நின்று நின்று எப்படிக் கறுத்துப் போனாள், பார்த்தீர்களா ரீச்சர்? பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து என்னத்துக்கு?" என்றார் அந்தப் பெரியம்மா.

"பந்து பெண்களுக்குப் புதிதில்லை, அம்மா," என்றேன். "குற்றாலக் குறவஞ்சியிலே வசந்தவல்லி பந்தடிக்கிறாள். சிலப்பதிகாரத்திலே பெண்கள் பந்தடித்துப் பாடுகிறார்கள். அம்மானையும் கழங்கும் நீங்கள் ஆடாததா?"

அவர் சிரித்து விட்டார். "நாங்கள் வீட்டு முற்றத்திலே ஆடினோம், பிள்ளை. பஸ் ஏறிப் போய் ஆடவில்லை" என்றார். அது நியாயமான விடைதான்.

தந்தையார் அப்போதுதான் மனந் திறந்தார். "ரீச்சர், படிப்புக் கெட்டுப் போகும் என்று எல்லாருக்கும் சொன்னேன். உண்மை அதுவல்ல. பயிற்சி முடிய ஐந்தரை மணி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வந்து, பிறகு இன்னொரு பஸ் பிடித்து இங்கே வந்து சேரும்போது பொழுது பட்டு விடும். கடை பூட்ட எனக்கு எட்டு மணியாகும். பஸ் தரிப்பிலே போய் நிற்க வீட்டிலே ஆள் இல்லை. அவள் வந்து சேரும் வரைக்கும் கிழவியின் நெஞ்சு நிலைகொள்ளாது. நான் வேறென்ன செய்ய?"

அந்த மனிதர் விளையாட்டின் பகைவர் அல்லர். அவருக்கு ஏழரை மைல் பஸ் பயணமும் இருட்டும்தான் பகை. நம் பெற்றோர் பலருடைய மறுப்பின் அடியிலே இப்படி ஒரு சிறிய, நியாயமான அச்சம் கிடக்கிறது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பரீட்சையை முன்னே நிறுத்துகிறார்கள். "உங்களுக்குப் பிள்ளையின் திறமை விளங்கவில்லை" என்று நாம் உபதேசம் பண்ணப் புகுந்தால், அந்த அச்சம் இன்னும் ஆழத்திலே போய் ஒளிந்து கொள்ளும்.

அதிபர் அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒரு நாட்குறிப்பைத் திறந்து பார்த்தார். பத்து நிமிடத்தில் வழி பிறந்தது. பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிகிறது. பயிற்சியை மாலைக்கு வைக்காமல் வாரத்தில் இரு நாள் பாடசாலை முடிந்த கையோடு வைத்து, மூன்றரைக்கு முன்னே பிள்ளைகளை அனுப்புவதென்று முடிவாயிற்று. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் நால்வர் ஒரே பஸ்சிலே போவதென்றும், அவர்களுள் ஒருத்தியின் தாயார் கோட்டையிலே வந்து நிற்பதென்றும் ஏற்பாடாயிற்று. கணித வகுப்பு ஒன்று செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறிற்று. இவ்வளவுதான். ஒரு சதமேனும் செலவில்லை.

அவள் தேசிய அணிக்குத் தெரிவானாளா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கடைசிப் பட்டியல் வரை போய், இறுதியில் அவள் பெயர் விடுபட்டது. திரும்பி வந்த மறுநாள் கண்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் பயிற்சிக்கு வந்தாள். சாதாரண தரப் பரீட்சையை எழுதி, உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவிலே சேர்ந்தாள். ஏழாம் வகுப்புச் சிறுமிகளை வரிசையாக நிறுத்தி, முழங்காலை எப்படி மடிப்பது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று அவள் சொல்லிக் கொடுக்கும் குரல் எங்கள் கட்டடத்திலே கேட்டுக் கொண்டேயிருந்தது. வகுப்பிலும் கையுயர்த்திக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அவளுடைய தந்தையார் ஒருமுறை கடையிலே என்னைக் கண்டபோது, நகையைப் பற்றி ஒன்றும் பேசாமல், "ரீச்சர், நேற்று எத்தனைக்கு எத்தனை?" என்றுதான் கேட்டார்.

விளையாடிய பிள்ளை பரீட்சையில் எப்போதும் சித்தியடைவாள் என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையன்று. வாரத்தில் மூன்று மணி நேரம் பந்தைப் பிடித்ததால் மாத்திரம் ஒரு பிள்ளை பரீட்சையிலே தவறியதை நான் கண்டதில்லை என்று மட்டும் சொல்வேன். மாறாக, மைதானத்திலே அவள் கற்பது வேறெங்கும் கிடைப்பது அரிது. மூன்று விநாடிக்குள் முடிவு செய்யப் பழகுகிறாள். தனக்கு எறிய உரிமையில்லாத இடத்தில் நின்று, உரிமை உள்ளவளுக்குப் பந்தைச் சேர்ப்பதையே தன் வெற்றியாகக் கொள்கிறாள். தோற்ற பிறகு வென்றவளின் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். தன் மொழி அறியாத தோழியின் கண்ணசைவை அறிகிறாள். உடம்பு என்பது மூடி மறைத்து வெட்கப்படுவதற்கு மட்டும் உரியதன்று, அதனால் ஒரு காரியம் ஆகும் என்றும் அவள் தெரிந்து கொள்கிறாள்.

மாணவியருக்கும் ஒரு வார்த்தை. தேசிய அணியிலே பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். உங்களுள் பெரும்பாலார் அங்கே போகப் போவதில்லை. அதற்காகப் பந்தை எறிந்துவிட வேண்டாம். ஆயிரம் பேர் ஆடினால்தான் அந்தப் பன்னிரண்டு பேர் தேறுவர் என்றேன். அந்த ஆயிரத்துள் ஒருத்தியாக இருப்பதும் நாட்டுக்குச் செய்யும் தொண்டுதான். உங்கள் வீட்டிலே மறுத்தால் சினந்து கொள்ளாமல், உண்மையான தடை எது என்று அப்பாவிடம் ஆறுதலாகக் கேளுங்கள். பஸ்சா, இருட்டா, செலவா என்று தெரிந்தால் அதற்கு வழி தேடலாம்.

பெற்றோரே, நம் பிள்ளைகளுக்காக வளையத்தைத் தாழ்த்தும்படி யாரும் கேட்கவில்லை. அமெரிக்கப் பெண்ணுக்கும் புன்னாலைக்கட்டுவன் பெண்ணுக்கும் அது ஒரே பத்தடிதான். அதன் கீழே போய் நின்று எறிந்து பார்க்க வாரத்தில் இரண்டு பின்னேரங்களையும், திரும்பி வர ஒரு துணையையும் கொடுங்கள். எறிவதை அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.